கடலில் கோடு வரைவோர் யார்?

2010-ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலின் வரைபடத்தில் ஒரு கோடு இடம் பெயர்ந்தது. சோமாலியக் கடற்கொள்ளையர்களை முன்னிட்டுக் குறிக்கப்பட்ட 'அதிக அபாயப் பகுதி'யின் கிழக்கு எல்லை, 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வரை விரிக்கப்பட்டது. அந்தத் தீர்க்கரேகை கன்னியாகுமரிக்குச் சற்றுக் கிழக்கே செல்வது. அதாவது, குஜராத் தொடங்கிக் குமரிமுனை வரையிலான இந்திய மேற்குக் கரையை ஒட்டிய கடல், கொள்ளையர் உலவும் கடல் என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது.

இந்தக் கோட்டை வரைந்தது ஐக்கிய நாடுகள் அவை அன்று. எந்த ஒரு நாட்டின் அரசும் அன்று. கப்பல் உரிமையாளர்களின் பன்னாட்டுச் சங்கங்கள் சில, கடற்படைகளுடன் கலந்து பேசி, கப்பல் தலைவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்ட வழிகாட்டிக் கையேட்டில் அதைப் பதித்தன. காப்பீட்டாளர்களும் ஏறத்தாழ இதே பகுதியைத் தங்கள் அபாயப் பட்டியலில் வைத்தனர். இந்தியத் துறைமுகங்களை நோக்கி வரும் கப்பல்களுக்குக் காப்பீட்டுச் செலவு கூடியது. பல கப்பல்கள் ஆயுதம் ஏந்திய காவலர்களுடன் நம் கரையோரம் செல்லத் தொடங்கின.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், என்ரிக்கா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், கொள்ளையர் படகு என்று கருதி ஒரு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டனர். மீனவர் இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அந்தச் சாவுகளுக்கு வரைபடக் கோடுதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால், அந்தக் கடலில் ஒரு சிறு படகைக் கண்டதும் 'கொள்ளையன்' என்று எண்ணும் மனநிலைக்கு அந்தக் கோடும் இடம் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

எல்லையை மாற்ற வேண்டும் என்று இந்தியா பல அரங்குகளில் வலியுறுத்தியது. 2015 டிசம்பரில்தான் அது 65 பாகைக்குப் பின்வாங்கியது. 2023 ஜனவரி 1 முதல் அதிக அபாயப் பகுதி என்ற குறிப்பே நீக்கப்பட்டது. நீக்கியதும் அதே சங்கங்கள்தாம்.

ஒரு தொழில்துறைச் சங்கம் என்றால் ஆண்டுக் கூட்டம், அமைச்சரிடம் மனு, வரிச்சலுகைக் கோரிக்கை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கப்பல் துறையில் சங்கம் என்பது அதனினும் பெரிய சொல். அங்கே சங்கங்கள் விதிகளுக்கு முன்வரைவு தருகின்றன. சில வேளைகளில் விதியையே வகுக்கின்றன. ஆகவே அவை எப்படி இயங்குகின்றன, ஆசியாவுக்கென ஒரு மண்டலச் சங்கம் எதற்கு, அதை எங்கே ஆதரிப்பது, எங்கே ஐயுறுவது என்பதெல்லாம் கப்பலில் கால் வைக்காதவர்களும் அறிந்திருக்க வேண்டியவை என்று கருதுகிறேன்.

முதலில், கப்பல் துறை மற்ற தொழில்களைப் போன்றதன்று என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நூற்பாலை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம் அதற்குப் பொருந்தும். கப்பலுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. ஜப்பானியர் ஒருவருக்குச் சொந்தமான கப்பல் பனாமாவில் பதிவாகியிருக்கும். சிங்கப்பூரிலுள்ள நிறுவனம் அதை நிர்வகிக்கும். இந்தியரும் பிலிப்பீனியரும் அதில் பணியாற்றுவர். காப்பீடு லண்டனில் இருக்கும். சரக்கு தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும். இத்தனை நாடுகளும் தனித்தனியே விதி வகுத்தால் ஒரு கப்பலும் நகராது.

அதனால்தான் லண்டனில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு இயங்குகிறது. 1948-இல் உருவான உடன்படிக்கை 1958-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கப்பலின் பாதுகாப்பு, கடல் மாசு, மாலுமிகளின் பயிற்சித் தகுதி ஆகியவற்றுக்கான உலகப் பொது விதிகள் அங்கேதான் உருவாகின்றன. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். வாக்களிக்கும் உரிமை அரசுகளுக்கு மட்டுமே உண்டு. ஆனால், ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்புகள் அவையில் அமரலாம், பேசலாம், ஆவணங்களைச் சமர்ப்பிக்கலாம்.

இந்த இடத்தில்தான் சங்கங்களின் செல்வாக்கு தொடங்குகிறது. கப்பலின் நிலைப்புத்தொட்டி நீரை எப்படித் தூய்மைப்படுத்துவது, எரிபொருளில் கந்தகத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் பட்டறிவு எல்லா அரசுகளிடமும் இருப்பதில்லை. கப்பலை நாள்தோறும் ஓட்டுபவர்களிடம் அது இருக்கிறது. வாக்கு இல்லாதவர்களின் தரவு, வாக்கு உள்ளவர்களின் முடிவைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சங்கங்கள் மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. அடித்தளத்தில் தேசியச் சங்கங்கள். இந்தியாவில் இந்திய தேசியக் கப்பல் உரிமையாளர் சங்கம் அத்தகையது. உச்சியில் உலக அளவிலான அமைப்புகள். 1921-இல் தோன்றிய பன்னாட்டுக் கப்பல் கழகமும், 1905-இல் கோபன்ஹேகனில் தோன்றிய பிம்கோவும் அவற்றில் முக்கியமானவை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது மண்டலச் சங்கம். ஆசியாவைப் பொறுத்தவரை அது ஆசியக் கப்பல் உரிமையாளர் சங்கம்.

1992-இல் ஆசியக் கப்பல் உரிமையாளர் மன்றம் என்ற பெயரில் அது தொடங்கியது. ஜப்பான், தென் கொரியா, சீனா, ஹாங்காங், இந்தியா, ஆஸ்திரேலியா, தென்கிழக்காசிய நாடுகள் ஆகியவற்றின் உரிமையாளர் சங்கங்கள் அதில் இணைந்தன. தொடக்கத்தில் ஆண்டுக்கொருமுறை கூடிப் பேசும் மேடையாகவே இருந்தது. 2007-இல் சிங்கப்பூரில் நிலையான செயலகம் அமைந்த பிறகே அது ஓர் அமைப்பாக உருப்பெற்றது. உலக வணிகக் கப்பல்களில் ஏறத்தாழப் பாதியைத் தன் உறுப்பினர்கள் வைத்திருப்பதாக அது கூறிக்கொள்கிறது.

ஐந்து நிலைக்குழுக்கள் அதன் பணியைப் பகிர்ந்துகொண்டன: கப்பல் பொருளாதாரம், மாலுமிகள், காப்பீடும் இழப்பீட்டுப் பொறுப்பும், பாதுகாப்பான கடற்பயணமும் சுற்றுச்சூழலும், கப்பல் மறுசுழற்சி. சூயஸ், பனாமா கால்வாய்களின் கட்டண உயர்விலிருந்து கடற்கொள்ளை வரை எல்லாம் இக்குழுக்களில் அலசப்படுகின்றன. ஒருமித்த கருத்து எட்டப்பட்டால் அது அறிக்கையாகிறது. பிறகு, ஒவ்வொரு தேசியச் சங்கமும் அக்கருத்தைத் தன் அரசிடம் கொண்டு செல்கிறது. லண்டனில் பல அரசுகள் ஒரே தொனியில் பேசினால், அதற்கு முன் எங்கோ ஓர் உரிமையாளர் கூட்டம் நடந்திருக்கக்கூடும்.

உலக அளவில் சங்கங்கள் இருக்கும்போது மண்டலச் சங்கம் எதற்கு? உலகில் கட்டப்படும் கப்பல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனா, தென் கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் உருவாகின்றன. மாலுமிகளில் பெரும்பகுதியினர் பிலிப்பீன்ஸ், இந்தியா, இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஓய்வுபெற்ற கப்பல்களில் பெரும்பாலானவை வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான் கரைகளில் உடைக்கப்படுகின்றன. பிறப்பும் உழைப்பும் இறப்பும் ஆசியாவில். விதி வகுக்கும் மேசை மட்டும் ஐரோப்பாவில். உலகச் சங்கங்களின் தலைமையகங்களும் அங்கேதான். இந்த இடைவெளியை நிரப்புவதே மண்டலச் சங்கத்தின் முதன்மையான நியாயம். 78 பாகைக் கோடு ஐந்தாண்டுக் காலம் நம் கரையோரம் நின்றதை நினைத்தால், அந்த நியாயம் எளிதில் விளங்கும்.

ஆனால், சங்கங்களின் வரலாறு முற்றிலும் நியாயமான வரலாறு அன்று. அதையும் சொல்லியாக வேண்டும்.

கப்பல் உரிமையாளர்கள் முதலில் கூடியது விதியைப் பேச அன்று, விலையைப் பேசத்தான். பிரிட்டனுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே கப்பல் ஓட்டிய நிறுவனங்கள் 1875-இல் ஒன்றுகூடிச் சரக்குக் கட்டணத்தைத் தங்களுக்குள் நிர்ணயித்துக்கொண்டன. கப்பல் வரலாற்றில் முதல் கட்டணக் கூட்டணி என்று அறியப்படுவது அதுவே. அடுத்துவந்த ஆண்டுகளில் 'ஒத்திவைத்த தள்ளுபடி' என்ற தந்திரமும் சேர்ந்தது. வணிகர் கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்படும்; ஆனால் உடனே அன்று. குறிப்பிட்ட காலம் வரை கூட்டணிக்கு வெளியே உள்ள எந்தக் கப்பலிலும் சரக்கு ஏற்றாமல் இருந்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். வணிகரின் பணமே வணிகரைக் கட்டிப்போடும் கயிறாயிற்று. புதிதாகக் கப்பல் வாங்கியவருக்குச் சரக்குக் கிடைக்காமல் போயிற்று.

பிம்கோவும் பால்டிக் கடலிலும் வெண்கடலிலும் மரம் ஏற்றிச் சென்ற கப்பல்களின் உரிமையாளர்கள், குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயிப்பதற்காகத் தொடங்கிய மண்டல அமைப்புதான். நாளடைவில் கட்டண நிர்ணயத்தைக் கைவிட்டு, உலகம் முழுவதும் பயன்படும் ஒப்பந்தப் படிவங்களை உருவாக்கும் நிறுவனமாக அது மாறியது. இன்று சரக்குக் கப்பல் வாடகைக்கு எடுக்கப்படும் இடங்களிலெல்லாம் அதன் படிவங்கள் புழங்குகின்றன.

தமிழகத்துக்கு இந்த வரலாறு புதிதன்று. வ.உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். தூத்துக்குடி - கொழும்புப் பயணக் கட்டணத்தை அது வெட்டிச் சாய்த்தது. பயணிகளை இலவசமாக ஏற்றிச் சென்று, குடையும் கொடுத்தனர் என்ற செய்தியை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார், 1911-இல் நிறுவனம் கலைந்தது. ஆட்சியின் அடக்குமுறை ஒருபுறம். இழப்பைத் தாங்கும் பணபலம் கொண்டவரின் கட்டணப் போர் மறுபுறம்.

1919-இல் தோன்றிய சிந்தியா நிறுவனமும் இதே போரைச் சந்தித்தது. 1923-இல் அது பிழைத்ததே, இந்தியக் கரையோர வணிகத்தோடு நின்றுகொள்வதாகப் போட்டி நிறுவனங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டால்தான். அந்நிறுவனத்தின் முதல் கப்பல் 'லாயல்டி' பயணம் தொடங்கிய ஏப்ரல் 5-ஆம் நாளையே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்தக் கப்பலைக் கொண்டாடும் நாம், அதன் வழியை அடைத்த கூட்டணிகளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒருங்கிணைந்து கட்டணம் நிர்ணயிக்கும் இத்தகைய கூட்டணிகளுக்கு அளித்திருந்த சட்ட விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2008 அக்டோபரில் முடிவுக்குக் கொண்டுவந்தது. இன்றைய உரிமையாளர் சங்கங்கள் கட்டண நிர்ணயத்தில் ஈடுபடுவதில்லை. ஈடுபட்டால் பல நாடுகளில் அது சட்டமீறல். ஆயினும், பெருந்தொற்றுக் காலத்தில் சரக்குப் பெட்டகக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்து, திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் பெட்டகம் கிடைக்காமல் தவித்தபோது, உரிமையாளர்களின் நலனும் சரக்கு அனுப்புவோரின் நலனும் ஒன்றன்று என்பது மீண்டும் வெளிப்பட்டது. சரக்கு அனுப்புவோரும் தங்களுக்கெனத் தனி மன்றங்களை வைத்திருப்பது அதனால்தான்.

இவ்வளவு ஐயங்களுக்குப் பிறகும் இச்சங்கங்களை வெறும் இலாப வேட்டைக் கூட்டங்கள் என்று தள்ளிவிட முடியாது என்பதே என் முடிவு. அதற்கு இரண்டு சான்றுகளைச் சொல்வேன்.

முதலாவது, ஹெபெய் ஸ்பிரிட் வழக்கு. 2007 டிசம்பரில் தென் கொரியக் கரையருகே நங்கூரமிட்டு நின்றிருந்த அந்த ஹாங்காங் எண்ணெய்க் கப்பலின் மீது, இழுவைக் கயிறு அறுந்து மிதந்துவந்த ஒரு பாரந்தூக்கி மிதவை மோதியது. 10,000 டன்னுக்கும் மேலான கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. நின்றுகொண்டிருந்த கப்பலின் தலைவரும் முதன்மை அதிகாரியும் இந்தியர்கள். முதல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் நாடு திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. மேல்முறையீட்டில் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஹாங்காங் கப்பல் உரிமையாளர் சங்கமும், எண்ணெய்க் கப்பல் உரிமையாளர்களின் சங்கமும், உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பும் ஒரே அணியில் நின்று இதை எதிர்த்தன. இந்தியாவில் மாலுமிகள் வீதியில் இறங்கினர். கொரிய உச்ச நீதிமன்றம் சிறைத்தண்டனையை நீக்கிய பின், 2009 ஜூனில்தான் இருவரும் வீடு திரும்பினர். மாலுமியை விபத்துக்குப் பலியாடாக்கும் போக்குக்கு எதிராக முதலாளியின் சங்கமும் தொழிலாளியின் சங்கமும் தோளோடு தோள் நின்ற அரிய தருணம் அது. ஆசியக் கடலில் நடந்த விபத்து, ஆசிய நாட்டு நீதிமன்றம், ஆசிய மாலுமிகள். அந்த நாடுகளின் உரிமையாளர் சங்கங்கள் ஒரே மேடையில் அமர்வதன் தேவையை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது.

இரண்டாவது, 2020. பெருந்தொற்று அச்சத்தில் துறைமுகங்கள் மூடப்பட்டபோது கப்பல்கள் நிற்கவில்லை. மருந்தும் எண்ணெயும் தானியமும் வந்துகொண்டே இருந்தன. ஆனால் அவற்றைக் கொண்டுவந்தவர்களைக் கரையிறங்கப் பல நாடுகள் விடவில்லை. ஒரு மாலுமி தொடர்ந்து 11 மாதங்களுக்கு மேல் கப்பலில் இருக்கக் கூடாது என்பதே கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் நடைமுறைப் பொருள். அந்த ஆண்டின் இறுதியில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் கப்பல்களிலேயே சிக்கியிருந்ததாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. உலக மாலுமிகளில் பத்தில் ஒருவராவது இந்தியர் என்பதால், அந்தத் துயரத்தில் நமக்கும் பங்குண்டு. எனக்குத் தெரிந்த தென்மாவட்ட இளைஞர் ஒருவர், தன் முதல் குழந்தையின் முகத்தை ஓராண்டுக்கு மேல் கைப்பேசியில் மட்டுமே பார்த்தார்.

அப்போது சிங்கப்பூரில் துறைமுக ஆணையமும், கப்பல் உரிமையாளர்களும் நிர்வாகிகளும் அடங்கிய சிங்கப்பூர்க் கப்பல் சங்கமும், இரு மாலுமிச் சங்கங்களும் சேர்ந்து 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் நிதியம் ஒன்றை அமைத்தன. மாலுமிகள் புறப்படும் நாடுகளிலேயே பரிசோதனையையும் தனிமைப்படுத்தலையும் முறைப்படுத்தினால், துறைமுகம் அஞ்ச வேண்டியதில்லை என்பது அவர்கள் கண்ட வழி. தொகை பெரிதன்று. ஆனால், விமானமும் விசாவும் பரிசோதனைச் சான்றும் மூன்று நாடுகளில் ஒரே நாளில் பொருந்தி வந்தால்தான் ஒரு மாலுமி வீடு சேர முடியும் என்ற நிலையில், அந்தப் பொருத்தத்தை ஏற்படுத்த எந்தத் தனி அரசாலும் இயலவில்லை. கப்பலையும் மாலுமியையும் துறைமுகத்தையும் ஒருசேர அறிந்தவர்களால் இயன்றது.

ஆக, சங்கம் விலையைப் பேசும்போது ஐயுற வேண்டும், விதியைப் பேசும்போது செவிசாய்க்க வேண்டும் என்று ஓர் எளிய அளவுகோலை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். ஆனால், விதியைப் பற்றிய பேச்சுக்குள் விலை ஒளிந்திருக்கும் இடங்களே மிகுதி. அங்கேதான் வாசகரின் விழிப்பு தேவை.

கப்பல் உடைப்பை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பான மறுசுழற்சிக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2009-இல் ஏற்கப்பட்டது. 15 நாடுகள் இணைய வேண்டும், உலகக் கப்பல் கொள்ளளவில் 40 விழுக்காட்டை அவை கொண்டிருக்க வேண்டும், போதிய உடைக்கும் திறனும் வேண்டும் என்ற நிபந்தனைகளால் அது நடைமுறைக்கு வர 16 ஆண்டுகள் பிடித்தன. இந்தியா 2019-இலும், வங்கதேசமும் லைபீரியாவும் 2023-இலும் இணைந்த பின், 2025 ஜூன் 26 அன்று அது உயிர்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் தனிச் சட்டம் இயற்றி, தான் ஏற்கும் உடைப்புத் தளங்களின் பட்டியலையும் வெளியிட்டது.

ஆசிய உரிமையாளர் சங்கத்தின் நிலைப்பாடு தெளிவானது: உலகம் முழுமைக்கும் ஒரே உடன்படிக்கை போதும்; மண்டலத்துக்கொரு சட்டம் வேண்டா; நாடுகள் விரைந்து இணைய வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. குஜராத்தின் அலங் கடற்கரையில் பல தளங்கள் செலவு செய்து தங்களை மேம்படுத்திக்கொண்டன. அதை ஏற்க மறுப்பது அந்த முயற்சியைத் தளர்த்தும். ஆனால், இதே நிலைப்பாட்டில் உரிமையாளருக்கு ஆதாயமும் இருக்கிறது. தெற்காசியத் தளங்களே பழைய கப்பலுக்கு அதிக விலை தருகின்றன. கப்பலைக் கரையேற்றி அலைவாய் மணலிலேயே உடைக்கும் முறையை ஹாங்காங் உடன்படிக்கை தடை செய்யவில்லை என்பது சுற்றுச்சூழல் அமைப்புகளின் குறை. இரண்டு தரப்பும் பேசும்போது, இரும்புத் தகட்டின் கீழே நிற்கும் தொழிலாளி எந்த மேசையிலும் இல்லை.

கரையோரக் கப்பல் வணிகம் மற்றொரு சான்று. ஒரு நாட்டின் இரு துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் உரிமையை உள்நாட்டுக் கப்பல்களுக்கு ஒதுக்குவது பல நாடுகளின் வழக்கம். இந்தியாவில் 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் அதற்கு வழிசெய்தது. 2018-இல் ஏற்றுமதி, இறக்குமதிப் பெட்டகங்களுக்கு அது தளர்த்தப்பட்டது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறும் இந்தியப் பெட்டகங்களை நம் துறைமுகங்களுக்குக் கொண்டுவருவது அரசு சொன்ன காரணம். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இல்லாத வரிச்சுமை தங்கள் மீது இருக்கையில் இது சமமற்ற போட்டி என்பது இந்திய உரிமையாளர்களின் எதிர்வாதம். 2025 ஆகஸ்டில் கரையோரக் கப்பல் சட்டமும் புதிய வணிகக் கப்பல் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகும் இந்த வாதம் ஓயவில்லை.

இந்தோனேசியா 2005 முதல் தன் கரையோர வணிகத்தை உள்நாட்டுக் கொடிக்கே இறுக்கிக்கொண்டது. பிலிப்பீன்ஸ் 2015-இல் ஓரளவு தளர்த்தியது. ஒவ்வொரு தேசியச் சங்கமும் தன் கரை மூடியிருக்க வேண்டும், பிறர் கரை திறந்திருக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. இத்தகைய கேள்வியில் மண்டலச் சங்கத்தால் ஒரே குரலில் பேச இயலாது. உறுப்பினர்களுக்குள் நலன்கள் மோதாத இடத்தில்தான் அதன் குரல் உரக்க ஒலிக்கும். அதன் மௌனத்தையும் நாம் படிக்கக் கற்க வேண்டும்.

இனி வரப்போவது இன்னும் பெரிய கேள்வி. 2050-ஐ ஒட்டிய காலத்துக்குள் கப்பல்களின் பசுங்குடில் வாயு உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவது என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023-இல் இலக்கு வகுத்தது. அதை நிறைவேற்ற உமிழ்வுக்கு விலை வைக்கும் திட்டம் 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஒப்புதல் பெற்றது. அக்டோபரில் அதன் இறுதி ஏற்பு ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. புதிய எரிபொருள் எந்தத் துறைமுகத்தில் கிடைக்கும், வசூலாகும் பணம் யாருக்குச் செல்லும், பழைய கப்பல் வைத்திருக்கும் சிறு உரிமையாளர் என்ன செய்வார் என்பனவெல்லாம் இனித்தான் முடிவாக வேண்டும். இந்தியாவின் வெளிநாட்டு வணிகத்தில் இந்தியக் கொடி தாங்கிய கப்பல்களின் பங்கு ஒரு காலத்தில் 40 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இன்று 10 விழுக்காட்டுக்கும் கீழே. கப்பல் குறைவாகவும் சரக்கும் மாலுமியும் மிகுதியாகவும் உள்ள நாடு நாம். உரிமையாளர் சங்கத்தின் குரலை மட்டும் நாட்டின் குரலாகக் கொண்டால், நம் நலனில் பெரும்பகுதி விடுபட்டுப்போகும்.

இதற்குத் தீர்வு சங்கங்களை ஒதுக்குவதன்று, மேசையை அகலமாக்குவது. அதற்கான முன்மாதிரி கப்பல் துறைக்குள்ளேயே இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் அரசு, முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்பும் சேர்ந்துதான் விதி வகுக்கின்றன. 2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படிப் பிறந்ததே. தேர்ச்சி பெற்ற மாலுமிக்கான உலகக் குறைந்தபட்ச ஊதியத்தையும் அங்கே உரிமையாளரும் மாலுமியும் எதிரெதிரே அமர்ந்து பேசித்தான் பரிந்துரைக்கின்றனர். ஊதியத்துக்குப் பொருந்தும் முறை, அபாயப் பகுதி வரைபடத்துக்கும் கப்பல் உடைப்புக்கும் எரிபொருள் விதிக்கும் ஏன் பொருந்தாது?

இந்திய அரசு செய்யக்கூடியவை மூன்று. லண்டன் கூட்டங்களுக்கு முன், உரிமையாளர்களோடு மாலுமிச் சங்கங்களையும் சரக்கு அனுப்புவோரையும் மீனவர் அமைப்புகளையும் அழைத்துக் கருத்துக் கேட்பது முதலாவது. அங்கே தான் எடுக்கும் நிலைப்பாட்டையும், அதற்கு எந்தச் சங்கம் என்ன கோரிக்கை வைத்தது என்பதையும் பொதுவெளியில் வைப்பது இரண்டாவது. தூத்துக்குடியிலிருந்து தோணி ஓட்டுபவர் போன்ற சிறு உரிமையாளர்களின் சங்கங்களுக்கும் அந்த ஆலோசனையில் இடம் கொடுப்பது மூன்றாவது. தோணிக்காரரும் கப்பல் உரிமையாளரே. ஆனால் சிங்கப்பூரில் கூடும் அவையில் அவர் பெயர் ஒலிப்பதில்லை.

மண்டலச் சங்கமும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்யலாம். மாலுமிகளுக்கென ஒரு குழு வைத்திருக்கும் அது, அந்தக் குழுவில் மாலுமிகளையே அமர்த்தட்டும். ஹெபெய் ஸ்பிரிட் வழக்கில் இயன்ற ஒற்றுமை, விபத்து நடந்த பிறகு மட்டுமே வர வேண்டும் என்பதில்லை.

கடலில் வரையப்படும் கோடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கப்பலின் வழியும் சரக்கின் விலையும் மாலுமியின் விடுமுறையும் மீனவரின் உயிரும் அவற்றைப் பொறுத்திருக்கின்றன. கோடு வரைவதற்கு அறிந்தவர்கள் வேண்டும். அந்தக் கோட்டின் இருபுறமும் வாழ்பவர்களும் அந்த அறையில் இருக்க வேண்டும்.